துவர்ப்பு இறங்கிய இடம்

தோல் பதனிடும் கொட்டகைக்கு வெளியே கருவேலம்பட்டை குவியலாகக் கிடந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, உள்ள போயிடுங்க. உங்க துவர்ப்பு ஏறினாத்தான் நான் அழுகாமப் பிழைப்பேன்" என்றது கொடியில் தொங்கிய ஆட்டுத்தோல்.

"மரத்துல இருந்தப்போ நான் பார்க்காத மழையா?" என்று சிரித்தது பட்டை.

மழை விடாமல் கொட்டியது. ஆனாலும் பட்டை உருக்குலையவில்லை, குளித்துவிட்டு வந்ததுபோல் பளபளத்தது. அதைத் தொட்டியில் ஊறப்போட்டுத் தோலையும் உள்ளே போட்டார்கள். தண்ணீர் நிறமே மாறவில்லை. தோல் நாறத் தொடங்கியது.

"அண்ணே, துவர்ப்பு எங்கே?"

"எனக்கென்ன குறைச்சல்? நல்லாப் பாரு" என்றது பட்டை.

அப்போது, குவியல் கிடந்த இடத்தில் செக்கச்செவேலென்று தேங்கியிருந்த குட்டை குரல் கொடுத்தது. "தம்பி, அவர் துவர்ப்பு முழுக்க மழையோட என்கிட்ட இறங்கிடுச்சு. இங்க குதி."

தோல் தொட்டியிலிருந்து எம்பிக் குதித்தது. ஊற ஊற நாற்றம் போய் உறுதி வந்தது.

அடுத்த மழையில் அந்தத் தோல் ஒரு ஜோடிச் செருப்பாகிச் சேற்றை மிதித்துக்கொண்டு கம்பீரமாக வந்தது. குப்பையில் கிடந்த பட்டை பதறியது.

"தம்பி, உள்ள போயிடு. நனைஞ்சா வீணாப் போயிடுவே."

"நான் பார்க்காத மழையா, அண்ணே?" என்றபடி நடந்தது செருப்பு.