முழங்கை இடி

கோமளாவின் அடுப்பங்கரைக்குப் புது டைமர் வந்ததிலிருந்து பழைய திருகு டைமருக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. பக்கவாதம் வந்து கோமளாவின் விரல்கள் மடங்காமல் போனபின், அதைத் திருகித் தரச் சொல்லி ஒவ்வொரு தடவையும் அவள் கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. புதியதற்கோ அதிரசம் அகலத்துக்கு ஒரே பொத்தான். முழங்கையால் இடித்தால் போதும், ஓட ஆரம்பித்துவிடும்.

“என்னை அந்தக் காலத்துல அஞ்சு விரலாலயும் பிடிச்சு, பதமாத் திருகுவா. உன்னை இடிக்கிறா. இதுல என்னடா பெருமை?” என்றது பழையது.

“வலிக்கத்தான் செய்யுது அண்ணே. ஆனா காலையிலேருந்து அவங்க யாரையுமே கூப்பிடல, கவனிச்சீங்களா?”

சாதம் வெந்ததும் புதியது அலறியது.

“கத்தாதேடா, வந்துட்டேன்!” என்று சிரித்தபடி வந்த கோமளா, முழங்கையால் ஒரு இடி இடித்து அதன் வாயை அடைத்தாள். பழையதிடம் அவள் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை.

அவள் நகர்ந்ததும் பழையது மெல்லச் சொன்னது:

“தம்பி, கொஞ்சம் என் பக்கமா நகர்ந்து உட்காரேன்.”

“எதுக்கு அண்ணே?”

“குறி தப்பி ஒரு இடியாவது என்மேல விழட்டுமே.”