நடுவில் இரண்டு விளக்கு

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் பழைய லேண்ட் ரோவரைப் பழுதுபார்க்க, பெரகலையிலிருந்து மெக்கானிக் ரெங்கசாமி வந்திருந்தார். ஆபீஸ் பெண் போல ஒருத்தி அருகில் வந்து நின்றாள்.

"மட்காட்டுல இருக்கிற லைட் ரெண்டையும் கழட்டி, நடுவுல கிரில்லுக்குப் பக்கத்துல வைங்கண்ணே. முந்தி அங்கதான் இருந்துச்சு."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்கம்மா கொழுந்து எடுத்த மலைக்கு இந்த ஜீப் வரும். பனிமூட்டத்துல லைட் ரெண்டும் கிட்டக்கிட்டத் தெரிஞ்சாலே, தொரை வர்றாருன்னு என்னைச் செடிக்குள்ள ஒளிச்சு வைப்பாங்க."

ரெங்கசாமி சிரித்தார். அவரும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்தான்.

"சரிதாம்மா. ஆனா தொரையைக் கேக்காம மாத்த ஏலாது. புதுசா வந்த மேனேஜரு எப்படிப்பட்டவரோ."

"நாளைக்கு அம்மாவை லயத்துல இருந்து பங்களாவுக்கு இதுல கூட்டிட்டு வரணும்ணே. தூரத்துலயே அவங்களுக்கு அடையாளம் தெரியணும்."

"தொரை வண்டியிலயா? அவரு விடுவாரா?"

"நான்தாண்ணே புதுத் தொரை. பேரு சிவசக்தி."

ரெங்கசாமி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். எத்தனையோ பேரைப் பயந்து பயந்து அழைத்த அந்தச் சொல்லை, முதல் தடவையாக நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார்.

"அம்மாவை முன் சீட்டுல உக்கார வைங்க, தொரை."