பூட்டு வசதி

"பூட்டு இருக்கற பிளாக்தான் வேணும்னு ஏன் இப்படி ஒத்தைக்கால்ல நிக்கிறே?" என்று சலித்துக்கொண்டார் அப்பா.

மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அப்பா கல்லூரி நூலகர். முதலாண்டு மாணவர்களுக்கு நூலகத்தில் வலைப்பூ எழுதக் கற்றுக்கொடுக்கப் போகிறார். பாடத்துக்கு ஒன்று, தன் சொந்த எழுத்துக்கு ஒன்று, இரண்டும் ஒரே தளத்தில் இருந்தால் வசதி. எந்தத் தளம் நல்லது என்று பார்க்கும் பொறுப்பு, வெப் டிசைன் வேலை பார்க்கும் மகள் தலையில்.

"முதல்ல பார்த்ததுக்கு என்ன குறைச்சல்? சும்மாவே கிடைக்குது."

"நீங்க மும்முரமா பாடம் நடத்துவீங்க. பக்கத்துலயே வழுக்கைக்குத் தைலம்னு விளம்பரம் ஓடும்."

அப்பா தன் தலையைத் தடவிக்கொண்டார். "ரெண்டாவது?"

"எழுதினதை நாளைக்கு வேற இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. மூணாவதுல அந்தத் தொல்லை எதுவும் இல்ல. ஒவ்வொரு பதிவுக்கும் தனியா பாஸ்வேர்ட் போட்டுக்கலாம். அது தெரியாம யாராலும் திறக்க முடியாது, பிளாக் நம்மளோடதாவே இருந்தாலும்."

"எழுதறதே நாலு பேர் படிக்கத்தானே? பூட்டு எதுக்கு?"

"தேவைப்படும்ப்பா."

அப்பாவுக்கு உறுத்தியது. சமையலறைக்குப் போய் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"இவ எதையோ மறைக்கிறா. என்னன்னு கேளேன்."

"நீங்களே கேட்டுக்குங்க" என்று தட்டைத் துடைத்து வைத்தாள் அம்மா.

இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் அம்மா இப்போதெல்லாம் வீட்டில் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதைப் பற்றியும் அப்பா ஒரு பதிவு எழுதிவிட்டார். அவருடைய பழைய பிளாக்கின் கதாநாயகியே அம்மாதான். அதில் அவள் பெயர் 'மேலிடம்'. மேலிடம் காரை ரிவர்ஸ் எடுத்து கேட்டை இடித்தது, மேலிடத்தின் குறட்டை, புரமோஷன் கிடைக்காமல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு மேலிடம் அழுதது... எல்லாமே சிரிக்கச் சிரிக்க இருக்கும். வாசகர்கள் கொண்டாடினார்கள்.

கடைசியில் மூன்றாவது தளமே முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழைய பதிவுகளை எல்லாம் மகளே அங்கே மாற்றிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு.

"அடுத்தவங்க எழுத்தையோ படத்தையோ கேட்காம எடுத்துப் போட்டா, அது திருட்டு" என்று ஆரம்பித்தார் அப்பா.

"வீட்டு ஆளுங்களைப் பத்தி எழுதலாமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"தாராளமா! இதோ பாருங்க" என்று பெருமையாகத் தன் பிளாக்கைத் திரையில் திறந்தார்.

'இந்தப் பதிவைப் படிக்க பாஸ்வேர்ட் தேவை.'

அடுத்ததற்குப் போனார். அதுவும் பூட்டு. அதற்கடுத்ததும் பூட்டு. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே வெடித்தார்.

"என் மானமே போச்சு! யாரைக் கேட்டு என் எழுத்துல கை வச்சே?"

"கேட்டிருக்கணும். தப்புதான்" என்றாள் மகள்.

"உன்னைப் பத்தின விஷயம் வெளியே தெரியக்கூடாது, அதானே?"

"அதெல்லாம் திறந்துதான்ப்பா இருக்கு. நான் கணக்குல கோட்டை விட்டது, என் கல்யாணம் நின்னுபோனது, எல்லாமே. மேலிடம்னு வர்றதை மட்டும்தான் பூட்டியிருக்கு."

அப்பா விழித்தார். "உங்கம்மா அதையெல்லாம் படிக்கிறதே இல்லையே!"

"அம்மா படிக்கலை. அவங்க ஆபீஸ்ல எல்லாரும் படிக்கிறாங்க. குழாயைத் திறந்துவிட்டு அழுத கதை வந்த மறுநாள், 'என்ன மேலிடம், இன்னிக்கும் வீட்டுல தண்ணி வருதா?'ன்னு மேனேஜரே கேட்டாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே..."

"சொன்னா அதுவும் ஒரு பதிவா வந்துடுமேப்பா. என்கிட்டயும் சொல்லலை. கூட வேலை பார்க்கற ஆன்ட்டி சொல்லித்தான் தெரியும்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். பால்கனியில் அம்மா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. முதுகுதான் தெரிந்தது.

பிறகு, குரல் இறங்கிச் சொன்னார். "சரிம்மா, பாஸ்வேர்டைச் சொல்லு. எதை எடுக்கணும், எதை வச்சுக்கணும்னு நானே பார்த்து முடிவு பண்றேன்."

"எனக்குத் தெரியாதுப்பா."

"நீதானே போட்டே?"

"இல்ல. லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பி வச்சுட்டு, நான் எழுந்து வந்துட்டேன். நீங்க அவங்களைத்தான் கேட்கணும்."