கடைசிப் பாயின் குரல்

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தவர்களுக்குக் குரல் அடைத்தால், ஆண்கள் பக்கத்துக் கடைசிப் பாயிலிருந்து ஞானசிகாமணி "ஸ்தோத்திரம்" என்பார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் மீதியைச் சொல்லி முடித்திருக்கிறார்கள். அவரை அடக்கம் செய்த பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் மனைவி ரூபாவதி எழுந்தாள். "புதங்கிழமை காலைல காப்பி கேட்டாங்க. நான் ஆத்திக் கொண்டு வாரதுக்குள்ள போயிட்டாங்க," என்றாள். அதற்கு மேல் வரவில்லை. சபை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் ஞானசிகாமணி பக்கத்திலேயே இருந்து, இன்று கடைசிப் பாயில் தனியாக உட்கார்ந்திருந்த எலியேசர், அவரோடு சேர்ந்து சொல்லும் பழக்கதோஷத்தில் மெல்ல "ஸ்தோத்திரம்" என்றுவிட்டார். சாவுக்கா நன்றி சொன்னோம் என்று பதறி வாயைப் பொத்திக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் சிலர் முறைத்தார்கள். ரூபாவதி அந்தப் பாயின் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்கண்ணே," என்றாள்.