அடைகிடக்கும் ஈமு

பூபதியின் மனைவி போய்ச் சேர்ந்து நாற்பது நாள்தான் ஆகிறது. கைக்குழந்தையை எளாவூருக்குத் தூக்கிப்போக வந்த அக்கா நாகம்மாள், அதன் சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஏரியில எறா தடவிப் புடிக்கிற ஆம்பள நீ. பச்சப்புள்ளய எப்பிடிடா வளப்ப?"

பூபதி வேலிக்குள் அடைகிடந்த ஈமுவுக்குத் தண்ணீர் வைத்தான்.

"இது இன்னாடா, எலும்பும் தோலுமா கெடக்குது?"

"ஒன்றரை மாசமா முட்டைய வுட்டு நவுரலக்கா. தீனியும் தொடல."

"பாத்தியா, தாய்னா அதான். ஆம்பளைக்கு வருமா அது?"

"முட்டை போட்டது அதோ, வேலியோரமா மேயுது. இது குஞ்சுங்களுக்கு நைனா."

நாகம்மாள் ஈமுவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டைகளை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள்.

"தூளிக்கயிறு தொங்குது பாரு. இழுத்துக் கட்டு," என்றாள்.