காலிப் பள்ளம்

"ஒரு ஸ்பேனர் குறையுது. அது கிடைக்கிற வரைக்கும் இந்த ஆஸ்ப்ரே விமானம் ஓரடிகூட எழும்பாது" என்றாள் சார்ஜென்ட் மார்லின்.

கப்பலின் மேல்தளத்தில் கருவிப்பெட்டி திறந்து கிடந்தது. கறுப்பு நுரைத் தட்டில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்தில் ஒரு பள்ளம். ஒரே ஒரு பள்ளம் காலி.

"ப்ரென்ட் செத்துருவான், சார்ஜென்ட்!" மெக்கானிக் வெஸ்லி கத்தினான். "குடல்வால் வெடிச்சிருச்சு. கரையில இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா பொழைக்க மாட்டான்னு டாக்டரே கையை விரிச்சிட்டார். இவ்வளவு தூரம் ஹெலிகாப்டர் தாங்காது. இது ஒண்ணுதான் போகும்!"

"எனக்குத் தெரியாதா? அவனோட இன்னும் நாலு பேர் ஏறப் போறாங்க, அதுவும் தெரியும். இறக்கையில அந்த ஸ்பேனர் கிடந்து மாட்டிக்கிச்சுன்னா அஞ்சு பேருக்கும் சேர்த்துக் கடல்ல மாலை போட வேண்டியதுதான். தேடு!"

காலையிலிருந்து வெஸ்லியும் ப்ரென்ட்டும்தான் அந்த இறக்கைமேல் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். திடீரென்று ப்ரென்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். ஸ்பேனரை எங்கே வைத்தாய் என்று கேட்கலாமென்றால் அவனுக்குச் சுயநினைவே இல்லை. அவனுடைய பைகளையெல்லாம் துழாவியாகிவிட்டது.

வெஸ்லி மறுபடியும் இறக்கைமேல் ஏறிக் கைபோன இடமெல்லாம் தடவினான். கிரீஸ்தான் ஒட்டியது. அதற்குள் ஸ்ட்ரெச்சரும் வந்துவிட்டது. ப்ரென்ட்டின் முகம் வெளுத்துப்போயிருந்தது. சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுகிற பயல்தான். ஆனாலும் வெஸ்லிக்கு இந்தக் கப்பலில் அவனை விட்டால் வேறு யாருமில்லை.

வெஸ்லி சட்டென்று கீழே ஓடினான். கப்பலின் இன்ஜின் அறையில் கெஞ்சிக் கூத்தாடி, அதே அளவில் ஒரு ஸ்பேனரை வாங்கினான். அவர்கள் பெட்டிக் கருவிகளில் எல்லாம் பெட்டியின் எண் பொறித்திருக்கும்; இதில் அது இல்லை, அவ்வளவுதான். அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மேலே பாய்ந்தான்.

"கிடைச்சிருச்சு! சார்ஜென்ட், கிடைச்சிருச்சு!"

மார்லின் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பைலட் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

இறக்கையின் இரு நுனியிலும் ராட்சத விசிறிகள் வானத்தைப் பார்த்துச் சுழன்றன. ஆஸ்ப்ரே ஹெலிகாப்டர் மாதிரியே நேராக எழும்பியது. இனிமேல்தான் கண்டம். விசிறிகள் இரண்டும் இன்ஜினோடு சேர்ந்து முன்பக்கம் சாய வேண்டும். அப்போதுதான் அது விமானமாகி வேகம் பிடிக்கும். ஒன்று சாய்ந்து மற்றது சிக்கிக்கொண்டால் கவிழ்ந்துவிடும். ஒரு இன்ஜின் நின்றாலும் மற்ற இன்ஜினே இரண்டு விசிறியையும் சுழற்றுவதற்கு இறக்கைக்குள் நீளமாக ஒரு தண்டு ஓடுகிறது. ஸ்பேனர் அங்கே விழுந்திருந்தால் அதுவும் போச்சு.

விசிறிகள் சாயத் தொடங்கின. வெஸ்லி மார்லினின் கையைப் பிடித்தான். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

"சார்ஜென்ட், அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க! ரேடியோவில சொல்லுங்க! நான் பொய் சொல்லிட்டேன். இது இன்ஜின் ரூம் ஸ்பேனர். நம்மளோடது இன்னும் அந்த இறக்கையிலதான் கிடக்கு!"

மார்லின் ரேடியோவைத் தொடவில்லை. விசிறிகள் முழுதாகச் சாய்ந்தன. ஆஸ்ப்ரே விர்ரென்று கரையை நோக்கிப் பறந்தது.

"என்னை ஜெயில்ல போடுங்க, என்ன வேணா பண்ணுங்க! அவங்களைக் கூப்பிடுங்க!" வெஸ்லி அழுதேவிட்டான்.

மார்லின் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக் காலிப் பள்ளத்தில் வைத்தாள். அதில் எண் பளிச்சென்று தெரிந்தது.

"ஸ்ட்ரெச்சர்ல கட்டுறதுக்காக ப்ரென்ட்டோட பூட்ஸைக் கழட்டினாங்க, உள்ளேயிருந்து விழுந்துச்சு. நீ அப்போ கீழே ஓடியிருந்தே" என்றாள். "கொஞ்ச நேரத்துல 'கிடைச்சிருச்சு'ன்னு கத்திக்கிட்டு வந்து நின்னே பாரு, அப்போலேர்ந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன், உன் கையில இருக்கிறது என்னதுன்னு."