வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி

வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பழைய துணிப்பைக்கு மூச்சு முட்டியது. அதன் மேல் அத்தனை பைகள்.

அன்றைக்கு வந்த புதுப்பை, "பூமியைக் காப்பாத்த வந்திருக்கேன்" என்றது.

"எல்லாரும் அதுக்குத்தான் வந்தோம். தள்ளித் தொங்கு!" என்று எரிந்து விழுந்தது பழசு. "நம்ம கோமளா சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது செல்போனை மறக்கமாட்டா. நம்ம நினைப்பு மட்டும் பில் போடுற இடத்துலதான் வரும். உடனே இன்னொரு துணிப்பை வாங்கிடுவா."

மறுநாள் பாரம் தாங்காமல் ஆணியே பிடுங்கிக்கொண்டு வந்தது. பைகள் வாசலில் குவிந்து விழுந்தன.

"நல்லதாப் போச்சு. இனிமே கால்ல இடறியாவது நம்ம ஞாபகம் வரும்" என்றது பழசு.

கோமளாவுக்குக் கால் இடறத்தான் செய்தது. பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கடைக்கு ஓடினாள். பை மாட்ட ஒரு ஸ்டாண்டு வாங்கி வந்தாள், புதுத் துணிப்பையில் போட்டு.